ஒருசந்தி

லடாக், 1.2.2026

அன்புள்ள செல்வி,

நான் நலம். என் தொப்பையும் நலம், அதுதான் பிரச்சினை. ஏப்ரலில் எடை பார்க்கிறார்கள். பதினொரு கிலோ கூட இருக்கிறேன். மெடிக்கலில் தரத்தை இறக்கிவிட்டால் நாயிப் சுபேதார் பதவி கிடையாது, ஹவில்தாராகவே வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஓடியும் பார்த்தாயிற்று. சர்க்கரைக்கு வாரம் ஓர் ஊசி போட்டு நீ இளைத்தாயே, அதில் கொஞ்சம் அனுப்பு. இங்கே டாக்டரிடம் கேட்டால் பதிவாகிவிடும். போனில் பேசாதே, பக்கத்துக் கட்டில்காரனுக்கும் காது உண்டு. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நம் மெரின் தலைமேல் சத்தியம் செய்.

உன் அல்போன்ஸ்


கருவடிக்குப்பம், 10.2.2026

மெரின் அப்பாவுக்கு,

லீவு முடிந்து வரும் பிள்ளைச்சாவடி வடிவேலிடம் ஒரு பிளாஸ்க் கொடுத்திருக்கிறேன். பெரிய மார்க்கெட் மீன்காரம்மாவிடம் ஐஸ் வாங்கி அடைத்தது, நாறினால் திட்டாதீர்கள். பித்தப்பை ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு நிறுத்தச் சொன்னதில் மிஞ்சிய ஊசி. அதைப் போட்டால் சாப்பிட்டது சீக்கிரம் வயிற்றைவிட்டு இறங்காதாம். மயக்கம் கொடுக்கும்போது மேலே வந்து மூச்சை அடைக்குமாம். உங்களை யார் அறுக்கப்போகிறார்கள்? கொஞ்சமாக ஆரம்பியுங்கள். சத்தியம் செய்துவிட்டேன். எனக்குப் பிடிக்கத்தான் இல்லை.

உங்கள் லூர்துசெல்வி


லடாக், 15.3.2026

அன்புள்ள செல்வி,

பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். வாரம் ஒன்று போதாதென்று நாலு நாளுக்கு ஒன்று போடுகிறேன். குமட்டல் தாங்கவில்லை, மத்தியானச் சோறு மறுநாளும் நெஞ்சிலேயே நிற்கிறது. மெஸ்ஸில் தட்டைத் தள்ளினால் தவக்காலம், ஒருசந்தி, நாளுக்கு ஒரு வேளைதான் என்கிறேன். பெரிய பக்திமான் என்று எல்லோரும் மரியாதையாகப் பார்க்கிறார்கள். சாமி பேரில் பொய் சொல்வது உறுத்துகிறது. ஈஸ்டருக்குள் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறேன்.

உன் அல்போன்ஸ்


லடாக், ராணுவ மருத்துவமனை வராந்தா, 30.3.2026

மெரின் அப்பாவுக்கு,

நாளைக்குத்தான் உங்களைப் பார்க்க விடுவார்களாம். அதனால் எழுதுகிறேன்.

ஓட்டத்தில் விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் என்று வெள்ளிக்கிழமை போன் வந்தது. மயக்க டாக்டருக்காகத் தமிழ்ப் பையன் ஒருவன் கேட்டான்.

"நேத்து மத்தியானத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடல, ஒருசந்தின்னு சொல்றாரு. மருந்து ஏதாவது எடுக்குறாரா மேடம்?"

"ஒண்ணும் எடுக்கல தம்பி. ஒருசந்திதான். வயிறு காலியாத்தான் இருக்கும்."

வாய் கூசாமல் சொன்னேன். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று திருப்தி வேறு. அரிசி களையும்போதுதான் என் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கை ஈரத்தோடு திரும்பத் திரும்பப் போன் போட்டேன். எடுத்தபோது உங்களை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அன்றிலிருந்து உங்களுக்காக மெஷின்தான் மூச்சு விடுகிறது.

இன்று டாக்டர் மேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கூட இருந்த அந்தப் பையன் தலை குனிந்துகொண்டான். "அன்னிக்கே சொல்லியிருந்தா தள்ளி வச்சிருப்பாங்க மேடம், இல்லன்னா வேற மாதிரி மயக்கம் குடுத்திருப்பாங்க" என்றான்.

மருந்து அளவுக்காக உங்கள் எடையைக் குறித்தார்களாம். ஏப்ரல் எடைக்குத் தேறிவிட்டீர்கள்.

பதவி போனது போனதுதான், நான்தான் காட்டிக்கொடுத்தேன். எழுந்ததும் வழக்கம்போல ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், அதற்கெல்லாம் பழகியவள்தான் நான். இப்படி மட்டும் பேசாமல் இருக்காதீர்கள்.

உங்கள் லூர்துசெல்வி