கத்தும் குழாய்க்கு ஒரு சோடா பாட்டில்

மச்சான்,

இன்று சிதம்பரம் மேலவீதியில் பன்னீர் சோடா வாங்கினேன். மூடியைத் திறந்ததும் வந்த ரோஜா வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். பாதி குடித்துவிட்டு, கடைக்காரர் பார்க்கப் பார்க்க பாட்டில் வாயில் ஊதினேன். இஞ்சினியரிங் படித்த காலத்தில் இதே தெருவில் நீ ஊதுவாய். இந்த லால்பேட்டைக்காரன் என் மானத்தை வாங்குகிறானே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

கடலூரில் நாம் சேர்ந்து வேலை பார்த்த ஆலையில் ஒரு நீராவிக் குழாய் ஊளையிடுமே! அதிலிருந்து பிரியும் சின்னக் கிளைக் குழாய், அதன் முனையில் மூடிய வால்வு. கிளை நடுங்கி நடுங்கி வெல்டிங் விட்டுக்கொண்டே இருந்தது. எல்லோரும் கிளாம்ப் மேல் கிளாம்பாகப் போட்டு இறுக்கினார்கள்.

"அவுங்க கைய கால கட்டுறாங்க மச்சான், வாய யாரும் பாக்கல. ஆவி அந்த வாய் மேல ஓடுறப்ப சோடா பாட்டில் மாரி ஊதுது. அந்தச் சத்தந்தான் குழாய போட்டு ஆட்டுது" என்றாய். கேட்க ஆளில்லை. அடுத்த முறை வெல்டிங் பிளந்தபோது பக்கத்தில் நின்றது நீதான். வெந்த கையோடு, "ஜாஸ்தி ஒண்ணும் இல்லடா" என்று சிரித்தாய். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பிறகு வளைகுடா போனாய், திரும்பி வந்தாய், மாரடைப்பில் ஒரேயடியாகப் போய்விட்டாய்.

இப்போது நான் இருக்கும் ஆலையில் போன மாதம் உற்பத்தியைக் கூட்டினார்கள். உடனே, அங்கே போலவே மூடிய வால்வோடு கிளை பிரியும் ஒரு நீராவிக் குழாய் அதே குரலில் கத்த ஆரம்பித்தது. பாய்லர் பார்க்கும் குமார் நாளெல்லாம் நிற்பது அதன் கீழேதான். எனக்குத் தூக்கம் போயிற்று. மேலாளர் கிளாம்ப் போடச் சொன்னார். நான் மீட்டிங்குக்கு சோடா பாட்டிலோடு போய், வெட்கத்தை விட்டு ஊதினேன். குடிக்கக் குடிக்க அதன் குரல் இறங்கியது.

"உள்ள நீளம் மாறுனா குரல் மாறுது சார். வால்வ பெரிய குழாய ஒட்டிக் கொண்டாந்துட்டா கிளை குட்டையாயிடும், இந்த ஆவி வேகத்துக்கு அது ஊதாது."

மேலாளர் சிரித்தார். பிறகு பாட்டிலை வாங்கி அவரும் ஊதிப் பார்த்தார்.

கிளையை வெட்டிக் குட்டையாக்கினோம். முழு ஓட்டத்தில் ஆலை ஓடியது. ஊளையும் இல்லை, நடுக்கமும் இல்லை. "இங்கயே நின்னு போன் பேசலாம் போலருக்கே சார்" என்ற குமார், அங்கேயே நின்று மகளைக் கூப்பிட்டு, "சாப்டியா பாப்பா?" என்று கேட்டார். அவள் சொன்ன பதில் எனக்கே கேட்டது.

அன்று உனக்குக் கேட்க ஆளில்லை. இன்று கேட்டார்கள், மச்சான். சோடாவை மட்டும் இனி ஊதாமல் என்னால் குடிக்க முடியாது.