தொட்டிக்குள் தேய்ந்த கைப்பிடிகள்

மார்ச் 3
இரண்டாம் முறையும் தேர்வில் கோட்டை விட்டேன். "முலாம் தொட்டியில் ஆக்சிஜன் வாயுவே இல்லையே, ஆக்சிஜனேற்றம் எப்படி நடக்கும்?" என்று விடைத்தாளில் எதிர்க்கேள்வி எழுதிவிட்டு வந்தால் வேறு என்ன ஆகும்? வாய்க்கொழுப்பு கைக்கும் இறங்கிவிட்டது. நான் வேலை செய்யும் முலாம் பட்டறையில், தொட்டியை விட்டுச் சோதனை அறைக்கு மாற இந்தத் தேர்வில் இன்னும் ஒரே வாய்ப்பு. அமிலப் புகையை விட்டு விலகாவிட்டால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லியாயிற்று. பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 5
நாத்தனார் பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். அவளுக்குப் போன் செய்தேன். எலக்ட்ரானை இழப்பதுதான் ஆக்சிஜனேற்றமாம், ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சரி, இழந்தால் குறையத்தானே வேண்டும்? செம்பு இரண்டு எலக்ட்ரானை இழந்ததும் பிளஸ் இரண்டு என்று ஏறுகிறதே, இது எந்த ஊர் நியாயம்?

"எலக்ட்ரான் மைனஸ், அண்ணி. உங்க கோவம் ரெண்டு பங்கு குறைஞ்சா வீட்ல நிம்மதி ரெண்டு பங்கு கூடுமில்ல? அதேதான்."

அவளுடைய அண்ணன் சொல்லிக்கொடுத்திருப்பார்.

மார்ச் 6
மண்டையில் ஏறவில்லை. நாள் முழுக்க இருமல்.

மார்ச் 9
ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். காலையில் கேபிள் முனைகளைத் துடைத்தவள், பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி மாட்டித் தொலைத்தேன். ஒரு தொட்டி நிறையப் பித்தளைக் கைப்பிடிகள். செம்பு முலாம் ஏற வேண்டியவை தேய்ந்து, சொரசொரவென்று வெளியே வந்தன. கரைந்து செம்பு தர வேண்டிய எதிர்ப்பக்கச் செப்புத் தகடோ தடித்துப்போயிருந்தது. மேஸ்திரி கத்தவில்லை. "கண்ணை எங்கம்மா வெச்சிருந்தே?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 10
கெட்டுப்போன கைப்பிடி ஒன்றை எடுத்து வந்து தடவிக்கொண்டே இருக்கிறேன். துரு இல்லை. காற்றும் படவில்லை. மின்சாரம் இதிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கியிருக்கிறது. இழந்த அணுக்கள் பிளஸ் ஆகித் தண்ணீரில் இறங்கிவிட்டன. மைனஸ் போனதால் பிளஸ். தகட்டுப் பக்கம் வந்த எலக்ட்ரான்களைத் தண்ணீரிலிருந்த செம்பு வாங்கிக்கொண்டு படிந்திருக்கிறது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் சண்டை போட்டேன்?

மார்ச் 16
இந்த முறை நேரில் கேள்வி. மேலாளர் என் பழைய விடைத்தாளை மறக்கவில்லை. "ஆக்சிஜன் இல்லாம ஆக்சிஜனேற்றம் நடக்குமா?" என்றார். தேய்ந்த கைப்பிடிகளைச் சொல்லி விளக்கினேன்.

"அதைக் கெடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

சிரித்தார். நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 21
சோதனை அறையில் ஜன்னல் பெரியது. குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரி, "அக்கா, நீங்க பாடுவீங்களா?" என்று கேட்டாள். எனக்கே தெரியாமல் ஒரு பாட்டை, நடுவில் இருமாமல், முதலிலிருந்து கடைசிவரை பாடி முடித்திருக்கிறேன்.