கோடு அழிந்த பெட்டி

என் சீருடையின் மடிப்புகளில் முதிரை மரத்தூள் ஒட்டியிருக்கிறது. துவைக்கப் போடாமல் சுருட்டித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முகர்ந்தால் உங்கள் பட்டறை மணக்கிறது. அம்மா தூங்குகிறார். போர்வைக்குள் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

நீ போன பிறகு உன் பேச்சை எடுத்தாலே அம்மாவுக்குப் பிடிப்பதில்லை. "பரீட்ச வருது. அவளையே நெனச்சிக்கிட்டு நீயும் படுத்துறாத" என்கிறார். அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஒரு நுளம்பு கடித்தால் போதும், டெங்குவோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். சுடுகிறதா இல்லையா என்று எனக்கே தெரிவதில்லை.

பயத்தைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. உன்னை அடக்க எடுத்துப்போன நேரம் நான் வகுப்பில் இருந்தேன். யாரோ வந்து சொன்னார்கள். கரும்பலகையில் இருந்த கணக்கை எழுதி முடித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். பசித்தது.

உன் வாப்பாவின் பட்டறைக்கு நான் முதலில் வந்தது ஒரு சனிக்கிழமை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நின்றுபோய், நடந்தே வந்து சேர்ந்தேன். கண்டியில் உள்ள தளபாடக் கடைகளுக்குக் கதிரை, அலுமாரி செய்து மிஞ்சிய துண்டுகளை உன் வாப்பா ஒரு சாக்கில் போட்டு வைப்பார். அடுப்புக்குப் போகிற சாக்கு. நீ அதைக் கவிழ்த்துக் கொட்டி, நடுவில் சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தாய். பலா மஞ்சளாக, மகோகனி சிவப்பாக, முதிரை வெயில் பட்ட தண்ணீர் மாதிரி. கருங்காலி மட்டும் விரல் அளவுத் துண்டுகளாகத்தான் கிடைக்கும். அதை நீ ஒரு டொபி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாய்.

"கறுப்புக்குப் பக்கத்துல மஞ்சள் வெச்சாத்தான் ரெண்டும் வெளங்கும்" என்று சொல்லிவிட்டு என் கையை இழுத்து உன் கையோடு சேர்த்துப் பிடித்தாய். "நம்மள மாதிரி."

"நான் கறுப்புன்னா நீ மஞ்சக்காமாலடி."

அன்றைக்கு அந்தச் சிரிப்பில் பிசின் டின் கவிழ்ந்தது. உன் வாப்பா உள்ளே இருந்து சத்தம் போட்டார். நாம் வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் சிரித்தோம்.

அந்தத் துண்டுகளில் நீ பெட்டி செய்கிற முறை எனக்கு விளங்கவே இல்லை. நாலு பக்கமும் ஒட்டினாய், மேலே ஒட்டினாய், அடியையும் ஒட்டினாய். சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்து இறுக்கிக் கட்டினாய். உள்ளே கைவிட ஒரு வழியும் இல்லை.

"மூடி எங்கடி?"

"வெட்டினாத்தான் மூடி. அதுவரைக்கும் இது செங்கல்லு."

முழுக்க மூடி ஒட்டிவிட்டு, காய்ந்த பிறகு சுற்றிவரக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் பல் வைத்த வாளால் அறுக்க வேண்டும். அப்போதுதான் மரத்தின் ரேகை மூடியிலிருந்து பெட்டிக்கு முறியாமல் இறங்கும். தனியாக மூடி செய்தால் அது வேறு பெட்டியின் மூடி மாதிரிதான் இருக்கும் என்றாய்.

கடைசிப் பெட்டி உன் உம்மாவுக்கு. பெருநாளைக்குக் கொடுக்க, காப்பு போட்டு வைக்க. முதிரைப் பலகைகளுக்கு நடுவில் கருங்காலிப் பட்டிகள். அடிப்பலகையை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு பட்டியின் நுனியைச் சீவினாய். கறுப்புச் சில்லு ஒன்று உள்ளே விழுந்தது. எடுக்கச் சொன்னேன்.

"கெடக்கட்டும் புள்ள. மூடி வெட்டக்கொள எடுப்போம்."

மறுநாள் பென்சிலால் கோடு போட்டாய். நான் பெட்டியைப் பிடித்திருந்தேன். தும்மல் வந்து கை ஆடியதில் ஒரு மூலையில் கோடு வளைந்தது. "நீ புடிச்ச இலட்சணம்" என்று தலையில் குட்டினாய். அன்று பின்னேரம் உனக்குக் காய்ச்சல்.

இதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் உம்மா அந்தப் பெட்டியைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்து தன் அலுமாரியில் வைத்திருந்தாராம். எடுக்கும்போது உள்ளே ஏதோ உருண்டிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்க்கிறாராம். நீ அவருக்காக ஏதோ வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறார். இன்றைக்கு அம்மாவுக்குப் போன் எடுத்து என்னை அனுப்பச் சொன்னார். அம்மா அரைமனதோடு, "போய்ட்டு ஒடனே வந்துரு. தண்ணி தேங்கியிருக்கிற பக்கம் நிக்காத" என்றார்.

உன் வாப்பா வேலை மேசையில் பெட்டியை வைத்திருந்தார். வாள் பக்கத்தில் இருந்தது. உன் உம்மா கதவோரத்தில், முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றார்.

"மகள், நீங்க கூட இருந்தீங்கதானே" என்று கேட்டார். "எனக்கு என்னத்த வெச்சா?"

"தெரியாது ஆன்ட்டி."

"அவள்ட சின்ன மோதிரமும் காணல்ல. அதுவா இரிக்குமோ?"

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பெட்டியைப் பார்த்தேன். உன் கோடு அப்படியே இருந்தது. நான் ஆட்டிய இடத்தில் வளைந்து இருந்தது. அதில் வாள் இறங்கினால் மேசையில் ஒரு கறுப்புச் சில்லு விழும். அடுப்புச் சாக்கில் இருக்கிற மாதிரி ஒரு சில்லு. பிறகு அவர் எதை ஆட்டிப் பார்ப்பார்?

"புள்ளட வேல பாதியில நிக்கப்படாது" என்றார் உன் வாப்பா. வாளை எடுத்தார். "எங்க வெட்டணும் மகள்? நீங்களே சொல்லுங்க."

"இது வெட்டுற பெட்டி இல்ல அங்கிள்."

என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"இப்பிடியே உம்மாட்ட குடுக்கணும்னு சொன்னா. தொறக்கக் கூடாதாம். ஆட்டிப் பாக்க மட்டும்தானாம்."

உன் வாப்பா பெட்டியைத் திருப்பினார். கோடு நாலு பக்கமும் தெரிந்தது. இவ்வளவு காலம் மரவேலை செய்த மனிதர், கோடு எதற்கென்று தெரியாதவரில்லை. என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாளைக் கீழே வைத்தார். பழைய சேண்ட்பேப்பர் துண்டை எடுத்து மடித்து, கோட்டின் மேல் தேய்க்கத் தொடங்கினார். ரேகை போகிற பக்கமாகவே, மெதுவாக. தூள் காற்றில் வந்து என் சீருடையில் விழுந்தது.

"என்னத்துக்கு தேய்க்கிறீங்க?" என்றார் உன் உம்மா.

"ஊத்த" என்றார், வெறும் அழுக்கைத் துடைப்பவர் போல.

நாலு பக்கமும் தேய்த்தார். வளைந்த மூலையில் கொஞ்சம் அதிக நேரம். பிறகு கையால் துடைத்து உன் உம்மாவிடம் நீட்டினார். அவர் காதோடு வைத்து ஆட்டினார். ஒரு சின்னச் சத்தம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு இஞ்சிப் பிளேன்டீ கொடுத்தார்கள். குடித்தேன். சூடு தெரியவில்லை.

நான் செய்தது சரியா? நீ சொல்லாததை நீ சொன்னதாகச் சொன்னேன். மோதிரம் எப்போதாவது கதிரைக்குக் கீழேயோ, பையிலேயோ கிடைத்துவிட்டால் அவர் என்ன நினைப்பார் என்று பயமாக இருக்கிறது. வெளிச்சம் பட்டால் மரம் நிறம் மாறும் என்பாய். அந்தப் பெட்டியின் உள்பக்கம் மட்டும் நீ ஒட்டிய அன்று இருந்த நிறத்திலேயே இருக்கும். அதை யாரும் பார்க்கப் போவதில்லை. அது என்னால்.

அந்தக் கருங்காலிப் பட்டியில் மிஞ்சிய ஒரு துண்டு என் பென்சில் பெட்டியில் இருக்கிறது. அன்றைக்கு நீ தூக்கி என் மேல் எறிந்தது. இப்போது அதில் சின்னதாக ஒரு சில்லு உடைத்து, தீப்பெட்டிக்குள் போட்டு ஆட்டிப் பார்த்தேன்.

அம்மா புரண்டு படுத்தார். வெளிச்சத்தை அணைத்துவிட்டுத் தீப்பெட்டியைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். அவர் மூச்சு மறுபடி சீராகும்வரை காத்திருந்து, இன்னொரு தடவை காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக ஆட்டினேன்.

சத்தம் கேட்டது; உன் பெட்டியின் அந்தச் சத்தம் இல்லை.