சகனில் என் பக்கம்

ஜூலை 3, வியாழன்

கச்சான் காற்று. வாவிப் பக்கமிருந்து அனல். முற்றத்து மணல் முழுக்க வீட்டுக்குள்.

இது இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அப்போதே சொன்னேன். போன மாதக் கிளினிக்கில் டொக்டர் என் கால் பெருவிரல் புண்ணைப் பார்த்து முகம் சுளித்த அன்றே, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டேன்: "பாருங்க தம்பி, என்ட வீட்டில இனிச் சோத்துக்குத் தடை வரும்." இன்று வந்துவிட்டது. காத்தான்குடியில் மழையையும் முதலில் சொல்வது நான்தான்.

புண்: திருக்கை முள் குத்தியது. கதிரவெளிக் கடலில். (மச்சான் ஹனிபாவிடம் முதலை என்று சொன்னதாக ஞாபகம். மாற்றிப் பேசக் கூடாது.) மனைவி ஆசியா புதுச் செருப்பு கடித்தது என்கிறாள். அவள் கடலைக் கண்டவளா.

டொக்டர் சொன்னவை: சீனி இறங்க வேண்டும். புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும். வீட்டுச் சாப்பாட்டில் கட்டுப்பாடு. கலியாண வீட்டுச் சகனில் சாப்பிடுவது மட்டும் பரவாயில்லை, ஒரே தட்டை ஆறு பேர் பகிர்வதால் அளவாகத்தான் உள்ளே போகும். அன்று வீட்டுக்கு வந்ததும் கடைசி வரியைச் சத்தமாக அறிவித்தேன்.

வீடு மகள் ரிஸ்னாவின் பெயரில். கலியாணத்துக்கு நான் கட்டிக் கொடுத்தது. நானும் ஆசியாவும் பின்னறையில். ஆகவே குசினியில் எனக்கு வாய் இல்லை. இன்று ரிஸ்னா செய்தவை:

– பெரிய சோற்றுப் பீங்கான்கள் அலுமாரிக்கு மேலே. மேசையில் இருப்பவை பிள்ளைகள் விளையாடுகிற அளவு.
– சோற்றுப் பானை மேசைக்கு வராது. இன்னும் வேண்டுமென்றால் எழும்பிக் குசினிக்குப் போக வேண்டும்.
– சீனிப் போத்தல் தலைமறைவு.
– பிரிட்ஜைத் திறந்தால் கண்ணுக்கு நேரே வெட்டிய பப்பாசி, கொய்யா. தயிர்ச் சட்டி எங்கே என்று தெரியவில்லை.
– பிஸ்கட் டின்னுக்குள் பச்சைப் பயறு. திறந்த பிறகுதான் தெரிந்தது. அநியாயம்.

"கண்ணுல படாட்டிக் கை போகாது வாப்பா," என்கிறாள். நல்ல யோசனை. நான் என்றோ சொல்லியிருப்பேன்.

ஜூலை 4, வெள்ளி

ஜும்ஆ முடிந்து பசியோடு வந்தால் சிவப்பரிசிச் சோறு, வல்லாரைச் சம்பல், மீன். பீங்கானில் பாதி பச்சை. பிஸ்மி சொன்ன மூச்சு அடங்குமுன் சோறு முடிந்தது. எழும்பிப் போய்ப் போட்டிருப்பேன். மருமகன் எதிரே இருந்தார். வெட்கம்.

பரவாயில்லை. ஞாயிறு ஏறாவூரில் கலியாணம்.

செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க.

ஜூலை 6, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

ஹனிபாவின் மோட்டார் சைக்கிளில் போனோம். ஆசியாவின் தம்பி, எனக்கு மச்சான். எந்தச் சகனிலும் என் வலப்பக்கம் அவன்தான். பந்தலில் என்னைக் கண்டதும் மாப்பிள்ளையின் வாப்பாவே எழுந்தார். (எழுந்தது உண்மை. இறைச்சி ஆணம் கொண்டுவரச் சொல்ல.)

பெரிய தட்டு, சுற்றி ஆறு பேர். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் உண்பது. அடுத்தவர் பக்கம் கை நீட்டுவது மானக்கேடு. மூத்தவருக்கு நல்ல துண்டைத் தள்ளிவிடுவது மரியாதை. எனக்கு இதுவரை தள்ளப்பட்ட துண்டுகளைச் சேர்த்தால் ஒரு மாட்டுப் பட்டி.

இன்று என் முன்னால் விழுந்த துண்டு நகர்ந்தது. பார்த்தேன். ஹனிபாவின் விரல். பிறகு என் சோறு, வாவிக்கரை மண் சரிவது போல, கொஞ்சம் கொஞ்சமாக அவன் பக்கம். மற்ற நாலு பேரும் தலையைக் குனிந்து மென்றார்கள். தோள் குலுங்கியது. அவர்களும் உடந்தை. கடைசியில் இனிப்புக்கு வட்டலப்பம் வந்தது. ஹனிபா கையைக் குறுக்கே நீட்டினான்.

"மச்சானுக்கு வேணாம். அவரு இப்பதான் தின்டவரு."

"ஆரு தின்டது?"

"நீங்கதான். மறந்திட்டீங்க."

வரும் வழியில் கல்லடிப் பாலத்தில் நிறுத்தச் சொன்னேன். காற்றில் இடுப்புச் சாரன் பறந்தது. பிடித்துக்கொண்டே கேட்டேன், எத்தனை நாளாக என்று.

"போன மாசம் துடக்கம். ஆசியா ராத்தாட ஓடர், மச்சான். டொக்டரே சகனுக்கு ஓம் என்ட பொறகு அவ எப்பிடித் தடுக்கிற? பக்கத்தில இருந்து அவர்ர பங்க நீ தின்னு என்டா."

"நீயும் தின்டாய்."

"தின்டு தின்டு நெஞ்செரிவு. பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டிருக்கன், பாருங்க."

நடுப் பாலத்தில் சட்டையைத் தூக்கிக் காட்டினான். பஸ்ஸில் போனவர்களெல்லாம் பார்த்தார்கள்.

போன மாதக் கலியாணங்களிலிருந்து அரைவயிற்றோடு திரும்பி, வீட்டுக்காரர்கள் கஞ்சர்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அதை இனித் திருப்பி எடுக்க வேண்டும். நாகப்பாம்பை வாலில் பிடித்துச் சுழற்றியவன் நான். என் தட்டிலிருந்த விரலைப் பிடிக்க முடியவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஹனிபா வந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "காக்கா கோவமா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பற்றி ஆசியாவிடம் கேட்டது காதில் விழுந்தது. "நோன்பு போல," என்றாள் ஆசியா. சிரிப்பு.

ஒரே வீட்டில் மனைவி, மகள், மச்சான், பிரிட்ஜ். எல்லாம் ஒரே கட்சி.

ஆத்திரத்தில் பிரிட்ஜைத் திறந்தேன். பப்பாசிதான். தின்றேன். இனிப்பு. இதை ஒருவரிடமும் சொல்வதற்கில்லை.

ஜூலை 9, புதன்

காற்று விழுந்துவிட்டது. வாவி எண்ணெய் போல.

காலையில் ஆசியா புண்ணைக் கழுவிக் கட்டினாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஓரம் காயுது," என்றாள். ஞாயிறிலிருந்து அவளோடு பேசவில்லை. அதனால் தலையை மட்டும் ஆட்டினேன்.

"நாளைக்குக் கிளினிக்குக்கு நானும் வாறன்."

பேசிவிட்டேன். "எதுக்கு?"

"சகனுக்கு ஓம் என்டவரு எத்தின பிடி என்டு சொல்லல்லியே. நானே கேக்கப் போறன். ஹனிபாவும் பாவம்."

வரிசை நீளம் என்றேன். வெயில் என்றேன். அங்கே பெண்களுக்கு இருக்க இடமில்லை என்றேன். அவள் துணியை முடிந்துகொண்டே பேசினாள்.

"எங்கட வாப்பாட காலை எடுத்த பொறகு கழுவினது நான். டொக்டர் ஓம் என்டாரு, ஓம் என்டாரு என்டு கடைசி வரைக்கும் சொல்லித் தின்டவரு. ஒங்கட வாயில ஆயிரம் கதை வரும். திருக்கை வரும், முதலை வரும். இதுல மட்டும் நீங்க விளையாட மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

கறுப்பு அபாயாவை அயன் பண்ணிக் கதவில் தொங்கவிட்டிருக்கிறாள். ரிஸ்னா கொய்யா வெட்டிப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டாள், வரிசையில் நிற்கும்போது சாப்பிட.

டொக்டர் சகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஊருக்குப் புதியவர். சகன் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது.