கடைசி இரண்டு பாட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து கச்சேரி எப்படி நடந்தது என்று கேட்டபோது, "அமர்க்களமா நடந்துச்சு தம்பி" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டிருப்பாய். உன் அண்ணன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது உதட்டைப் பார்த்துத்தான் அவருக்குப் பேச்சு புரிகிறது. அதனால்தான் கடிதம். முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், வருவதற்குள் முடிக்க வேண்டும்.

ஆமாம், அவருக்குக் காது போய்விட்டது. உனக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இந்த ஒரு வருஷமாக நீ கூப்பிட்டபோதெல்லாம் அவர் குளித்துக்கொண்டே இருந்தாரே, யோசித்துப் பார்த்தாயா? முதலில் வலது காது. மேடையில் எப்போதும் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி இருந்த பக்கம். பிறகு இடதும். காது மிஷின் வாங்கினோம். பேச்சு கொஞ்சம் பிடிபட்டது. பாட்டு மட்டும், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறதென்று கழற்றி வைத்துவிட்டார். "இனிமே எனக்கு எல்லாமே செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்று அவரே சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கச்சேரி ஏற்பாடு செய்கிறவர் ஒருவர் வந்தார். பழைய ராக் குழுக்களை எல்லாம் ஒரே மேடையில் ஏற்றப்போகிறாராம். உன்னையும் கேட்டார்கள். செத்த பாம்பை அடிக்க நான் வரவில்லை என்று நீ சொல்லிவிட்டாய். அன்றைக்கு உன் மேல் எனக்கும் கோபம்தான். இந்த மனுஷன் முகத்தில் அத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன் தம்பி, அதனால்.

நினைத்துப் பார். நீங்கள் ஐந்து பேரும் ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போய், வேனிலேயே தூங்கி, ஒரு ரெக்கார்டு போட்டு, அது ரேடியோவில் வந்து, விளையாட்டு மைதானம் நிரம்பி, வீட்டு வாசலில் பெண்பிள்ளைகள் நின்று என்னை வேலைக்காரி என்று நினைத்து "அவர் எழுந்துட்டாரா" என்று கேட்டது எல்லாம் நடந்துதானே இருக்கிறது? பிறகு யாருக்கும் நீங்கள் வேண்டாமல் போனீர்கள். பாடகர் இன்சூரன்ஸ் விற்றார். பேஸ் கிட்டார்காரர் டயர் கடை போட்டார். கீபோர்டுக்காரர் எங்கோ கணக்கு எழுதினார். நீ வெளிநாட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டக் கப்பலேறினாய். உன் அண்ணன் மட்டும் அடுத்தவர் ரேடியோவைப் பிரித்து ஈயம் வைத்து ரிப்பேர் செய்துகொண்டே, கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். கூப்பிட்டபோது கேட்கவில்லை.

ஒத்திகை டயர் கடையின் பின்கட்டில் நடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை ஆம்ப் மேல் வைத்துக்கொள்வார். அதிர்வு உள்ளங்காலில் ஏறுமாம். ஸ்டைல் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உன் இடத்தில் டிரம் வாசிக்க வந்தவர் ஒரு பஸ் டிரைவர், நல்ல மனுஷர். அவர் மணிக்கட்டைப் பார்த்தே இவர் தாளம் பிடித்தார். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கே, கரை ஏறிவிடுவார் என்று ஒரு நப்பாசை வந்துவிட்டது.

அன்றைக்கு அரங்கம் நிரம்பித்தான் இருந்தது. எல்லாம் நம் வயசு. முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினவர்கள், உள்ளே வந்ததும் சிறுபிள்ளைகள் மாதிரி விசிலடித்தார்கள். புகை மிஷின் ஊதின புகையில் பாடகருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. "இதெல்லாம் முன்ன நாங்களே விட்ட புகைதான்" என்று மைக்கில் சொன்னார், ஒரே சிரிப்பு. முதல் மூன்று பாட்டு குறையே இல்லை. நான் சவுண்ட் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துபோயிருந்தேன்.

நாலாவது, எல்லோரும் காத்திருந்த பாட்டு. அவர் தனியாக நெடுநேரம் வாசிப்பாரே, அது. பழைய பழக்கத்தில் முன்னால் ஓடி வந்து திரும்பினார். கிட்டாரின் தலைப்பக்கம் மைக் கம்பத்தில் இடித்தது. முறுக்காணி திரும்பி ஒரு தந்தி தளர்ந்துவிட்டது. சுருதி போய்விட்டது. உலகத்துக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார் தம்பி. அப்படி ஒரு ஆனந்தமாக அவர் வாசித்து நான் பார்த்ததில்லை. வெளியே வந்ததோ காது கூசுகிற சத்தம். முன்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். பாடகர் பேஸ்காரரைப் பார்த்தார், பேஸ்காரர் தரையைப் பார்த்தார். முன்பெல்லாம் இவர் கொஞ்சம் பிசகினாலும் நீ டிரம் விளிம்பில் டக்கென்று ஒரு தட்டு தட்டுவாயே, இவர் திரும்பிப் பார்க்காமலே திருத்திக்கொள்வாரே. பஸ் டிரைவருக்கு அது தெரியாது. நீயே இருந்திருந்தாலும் இவருக்குக் கேட்டிருக்காது.

சவுண்ட்காரர் ஒரு விரலால் ஒரு குமிழைக் கீழே இழுத்தார். அரங்க ஸ்பீக்கர்களில் கிட்டார் சத்தம் நின்றுவிட்டது. நான் யார் என்று தெரியாமல், "பாவம், பெரியவருக்குக் காது அவுட்டு போலம்மா. பாட்டையாவது காப்பாத்தணும்ல" என்று என்னிடம் சொன்னார். அவர் மேல் என்ன தப்பு? கடைசி இரண்டு பாட்டும் உன் அண்ணன் வியர்க்க வியர்க்க வாசித்தார், அரங்கத்தில் ஒரு ஆளுக்கும் அது போய்ச் சேரவில்லை. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவர் அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னைத் தேடி, எப்படி என்று புருவத்தை உயர்த்தினார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் பாடகர் என்னைத் தனியாக அழைத்தார். இன்னும் சில ஊர்களில் கேட்கிறார்களாம். வேறு கிட்டார்காரர் பார்த்தாகிவிட்டதாம். "எங்களால அவன் முகத்தைப் பாத்து சொல்ல முடியல அண்ணி. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்று அழுதார். நாற்பது வருஷ சிநேகிதர்களுக்கு வராத பக்குவம் எனக்கு எங்கிருந்து வரும்?

இன்னும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் கிட்டாரை எடுத்துவிடுகிறார், விரல் நுனி எல்லாம் உரிந்து கிடக்கிறது. புதுத் தந்தி வாங்கி வந்தார். மேடைச் சட்டை தொளதொளவென்று இருக்கிறதாம், பிடித்துத் தைக்கச் சொன்னார், தைத்தும் கொடுத்துவிட்டேன். "இவனுங்க ஏன் இன்னும் ஒத்திகைக்குக் கூப்பிடல, போன் ஏதும் வந்துச்சா" என்று தினமும் கேட்கிறார். யாரோ போனில் எடுத்து இன்டர்நெட்டில் போட்ட கச்சேரி வீடியோப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார். படத்தில் அவர் விரல்கள் ஓடுகின்றன, அது போதும் அவருக்கு. கீழே ஜனங்கள் எழுதியிருப்பதை அவர் இன்னும் படிக்கவில்லை. என்றைக்காவது ஒருநாள் படித்துவிடுவார்.

நேற்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "உன் குரல் எப்படி இருந்துச்சுன்னே மறந்துட்டு வருது, ஏதாவது பேசு" என்று என் முதுகில் உள்ளங்கையை வைத்தார். நான் சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். தந்தி தளர்ந்தது, குமிழை இழுத்தது, பாடகர் சொன்னது, ஒன்று விடாமல். முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. அப்புறம், "ம், அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இனி தெம்பில்லை தம்பி. அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, உன் எழுத்து என்றால் உடனே உட்கார்ந்து படிப்பார். இரண்டு வரி எழுது. அவ்வளவு தூரம் உன்னால் பயணம் செய்ய முடியாது என்று தெரியும், வா என்று கேட்கவில்லை. என்ன எழுதுவாயோ, எப்படி எழுதுவாயோ, அவர் உன்னோடு சண்டை போட்டாலும் பரவாயில்லை. பொய் மட்டும் எழுதாதே. அதற்கு நான் ஒருத்தி போதும்.

உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, எல்லாம் கேட்கிற காதோடு நன்றாக இருக்கட்டும். வாசலில் அவர் வருவது தெரிகிறது. நிறுத்துகிறேன். சீக்கிரம் எழுதப்பா.

உன் அண்ணி