மாப்பிள்ளை பார்க்கப் போகவில்லை, சம்பளம் கேட்கத்தான் போனேன்

ஆண்டிமடம்
ஆனி 12, வியாழன்

அன்பு மகன் முத்தமிழ்செல்வனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், அப்பா, உன் தங்கை சுவாதி, போன வாரம் கன்று போட்ட மாடு எல்லோரும் சுகம். நொய்டாவில் நீயும் சுகம் என்று தினமும் போனில் சொல்கிறாய், அதை நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று சிரிக்காதே. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவேண்டும் என்பது உன் அப்பாவின் சட்டம், நான் கேட்கப்போவது ஸ்பீக்கரில் கேட்கிற விஷயமில்லை.

இந்த வருஷம் முந்திரி சுமார்தான், பூ வைத்த நேரத்தில் தேயிலைக் கொசு என்கிற பூச்சி வந்து கருக்கிவிட்டது. சுவாதி கம்ப்யூட்டர் இஞ்சினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலேஜில் ஹாஸ்டலோடு சேர்த்து நாலு வருஷத்துக்கு எட்டு லட்சம் சொல்கிறார்கள், அவள் படித்து முடிக்கும்போது வட்டியோடு பதினொன்றாகிவிடுமாம், அப்புறம் பத்து வருஷத்துக்கு மாசாமாசம் பதினாலாயிரத்துச் சொச்சம் கட்டவேண்டும். இவ்வளவு பெரிய கடனுக்கு முந்திரிக்கொல்லைப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்கிறார் பேங்க்காரர். அப்பா யோசிக்கவே இல்லை. முத்தமிழும் கடன்லதான படிச்சான், இப்ப ஜம்முன்னு இல்லையா என்கிறார். நான்தான் அரியலூர் கவர்மெண்ட் காலேஜில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படிக்கட்டுமே, ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறினால் போய்விடலாமே என்றேன். அதற்கு உன் தங்கை, அண்ணனப் படிக்க வெக்கிறப்ப யாரும் கணக்குப் பாக்கல, எனக்குன்னா மட்டும் பாக்குறீங்க என்று கேட்டாளே ஒரு கேள்வி.

சரி, இந்தப் படிப்பைப் படித்தவர்கள் உண்மையில் என்னதான் வாங்குகிறார்கள் என்று நாலு இடத்தில் விசாரித்துப் பார்ப்போம் என்று நானே கிளம்பினேன். அங்கேதான் உன் அம்மாவின் புத்திசாலித்தனத்தைப் பார். வைகாசி வளர்பிறையில் ஒரு நல்ல நாளாகப் பார்த்து, வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு சீப்பு பழமும் ரெண்டு முழம் மல்லியும் வாங்கிக்கொண்டு கல்லங்குறிச்சி புஷ்பவல்லி வீட்டுக்குப் போனேன், பெருமாள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பார்த்துப் பேசுவேனே, அவள்தான். பையன் என்ன படிச்சிருக்கான், எங்க வேலை, கைக்கு எவ்வளவு வருது, கடன் கிடன் ஏதும் இருக்கா என்று வரிசையாகக் கேட்டேன். பையனுக்கு மாசம் ஒரு லட்சமாம், கடனே கிடையாதாம். அதற்குள் உள்ளே கேசரி கிண்டுகிற வாசனை. சுவாதிக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டாள், நானும் ஹஸ்தம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்து பெரம்பலூரில் மலர்கொடி, முன்பு நம் பக்கத்து வீட்டில் குடியிருந்தவள். அவள் பையனுக்குத் தொண்ணூறாயிரமாம், கடனெல்லாம் எப்பவோ அடைச்சாச்சாம். சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்று கையைப் பிடித்து இலை முன்னால் உட்கார வைத்துவிட்டாள். இந்தப் படிப்பு தங்கமான படிப்புதான் போல என்று சந்தோஷமாகத் திரும்பினேன். மறுநாள் ரெண்டு வீட்டிலிருந்தும் அப்பாவுக்குப் போன், பெண்ணின் ஜாதகத்தை அனுப்பச் சொல்லி! உன் அப்பா குதித்த குதி இருக்கிறதே. புள்ளைக்கு இன்னும் பதினெட்டு முடியல, நீ எங்கடி மாப்பிள பாக்கப் போன என்று தெருவே கேட்கும்படி சத்தம். சுவாதி ரெண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பூவும் பழமுமாகப் போய் சம்பளம் கேட்டால் எந்தத் தாய்தான் குறைத்துச் சொல்வாள்?

மூன்றாவதாக எறையூர் பஞ்சவர்ணம். அவள் வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறார், மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இந்தத் தடவை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, சம்பந்தம் பேச வரலம்மா, சுவாதியப் படிக்க வெக்கிறதப் பத்திக் கேக்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அப்படின்னா நெசத்தச் சொல்றேன்க்கா என்றாள். வேலை கிடைக்கவே ஒன்றரை வருஷம் ஆச்சாம். இப்போது கைக்கு இருபத்திரண்டாயிரம் வருகிறது, அதில் கடனுக்கு எட்டாயிரத்து ஐநூறு, ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் போக கையில் ஒன்றும் நிற்பதில்லை. வெளிய அறுபதுன்னு சொல்லி வெச்சிருக்கோம்க்கா, கல்யாணம் ஆகணும்ல என்றாள். நாலஞ்சு வருஷம் தாக்குப் பிடித்தால் சம்பளம் ஏறிவிடும், அவனோடு படித்த ஒருத்தன் இப்போது நிஜமாகவே லட்சம் வாங்குகிறான் என்றும் சொன்னாள். ஆக, படிப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் சாதாரணமாக, உங்க முத்தமிழ் எவ்வளவுக்கா வாங்குது என்று கேட்டாள். அவள் அவ்வளவு திறந்து சொன்ன பிறகும், எண்பதாயிரம் என்று என் வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. அவள் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. எண்பது என்று நீ என்றைக்குமே சொன்னதில்லை. நல்லா தராங்கம்மா என்று சொன்னாய், அவ்வளவுதான். எண்பதை ஊருக்குச் சொல்ல ஆரம்பித்தது நான்தான், என் வாயிலிருந்து கேட்டுக்கேட்டு அப்பாவும் நம்பிவிட்டார், அதை நம்பித்தான் இப்போது கொல்லைப் பத்திரத்தைத் தேடுகிறார்.

பத்திரத்தை எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறேன். புதன்கிழமை பேங்க்குக்குப் போகவேண்டும் என்று அவர் பீரோவைக் குடைந்துகொண்டிருக்கிறார், நானும் கூடவே தேடுகிறேன். இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன், திங்கள் செவ்வாயில் வந்துவிடும். பார்த்தவுடன் உன் சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பு, மாசம் எவ்வளவு கடன் கட்டுகிறாய், இன்னும் எவ்வளவு பாக்கி என்றும் போடு. சுவாதியிடம் மட்டும் காட்டுவேன். அண்ணன் வாங்குறது எவ்வளவுன்னு நெசமாத் தெரிஞ்சா நானே முடிவு பண்ணிக்கிறேம்மா என்று சொல்லியிருக்கிறாள். கடனைக் கட்டப்போகிறவள் அவள், அவளே பார்த்துச் சொல்லட்டும். பெரம்பலூர் என்று சொன்னால் பத்திரத்தை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதே. ரெண்டு பொங்கலுக்கு லீவு இல்லை என்று வராமல் இருந்துவிட்டாய். லீவுதான் இல்லையா சாமி, இல்லை டிக்கெட்டுக்குக் காசு இல்லையா? இதைக் கேட்கத்தான் இவ்வளவு எழுதினேன். எண்பது என்று நான் சொல்லித் திரிந்ததால்தான் நீ வாயைத் திறக்க முடியாமல் போனது என்றால் அந்தப் பாவம் என்னுடையது. எவ்வளவாக இருந்தாலும் சொல்லு. எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. நோய் நொடி அண்டாமல், நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நூறு வருஷம் நீ நன்றாக இருக்கவேண்டும். முந்திரிப்பருப்பு அரைக் கிலோ தனிப் பார்சலில் வருகிறது, ரூமில் இருக்கிறவர்களுக்கும் கொடு.

உன் அம்மா
வை. ஜெயலட்சுமி

மறந்துவிட்டேனே. உன் அக்கவுண்டில் நேற்று மூவாயிரம் போட்டிருக்கிறேன், பால் காசு. திருப்பி அனுப்பாதே. டிக்கெட் எடு.