வளைவுக்கு ஒரு நொடி முன்னால்

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் இருமல் நின்றதா? போனில் பேசினால் அப்பா காதில் விழும். ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும் வீடு நம்முடையது என்று உனக்குத் தெரியாததா! அதனால்தான் கடிதம்.

அந்தத் தச்சரின் சைக்கிள் மேல் மோதியதிலிருந்து அப்பாவைப் பஸ் ஓட்ட விடவில்லை. விசாரணை முடியட்டும் என்கிறார்கள். கண்டக்டர் அண்ணன் மட்டும் வந்துபோகிறார். "என்னய்யா டிரைவரே, சோபாவுக்கு ரூட் நம்பர் போட்டாச்சா?" என்று கிண்டல் செய்தார். அப்பா சிரிக்கவில்லை.

பழைய கேமெல்லாம் ஆடலாம் என்று நீ டேப்லெட்டில் எமுலேட்டர் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாயே, பொழுதெல்லாம் அதில்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வீடியோ கேம் கடையில் விளையாடினாராமே, அதே பழைய கார்ப் பந்தயம். அப்போதெல்லாம் மோதினால் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று பெருமையடிப்பார். இதில் எந்த இடத்திலும் நிறுத்திச் சேமித்துக்கொள்ளலாம்.

போகட்டும் என்று விட்டிருந்தேன். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். ஒரு வளைவு, எதிரே ஒரு சிவப்புக் கார். அதற்குச் சற்று முன்னால் சேமித்து வைத்திருக்கிறார். பிரேக் பிடிக்கிறார், தப்பிக்கிறார். அதற்குமேல் ஓட்டுவதில்லை. மறுபடியும் வளைவுக்கே போகிறார். தப்பித்தவர் எதற்காகத் திரும்பிப் போக வேண்டும்? கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

விபத்து நடந்த அன்று நீ அப்பாவிடம் போனில் கேட்டது நினைவுக்கு வந்தது. "ஒரு நொடி முன்னாடி பிரேக் பிடிச்சிருக்கக் கூடாதாப்பா?" உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் மனதுக்குள் கேட்டேன். நீ வாய்விட்டுக் கேட்டாய், அவ்வளவுதான். அதற்கப்புறம் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். தச்சர் கண் விழித்துவிட்டார். இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்ச்சி வரவில்லை. அவர் மனைவி திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவளோ ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "உங்க வீட்டுக்காரரு ஒரு தடவ வந்து பாக்கக் கூடாதாக்கா? இவரு கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றாள்.

அப்பாவிடம் சொன்னேன். டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எம்பொண்ணுக்கே பதில் சொல்லத் தெரியல. அங்க போயி என்னத்தச் சொல்றது?" என்றார்.

சேமிக்கும் அந்த வசதியை எப்படி எடுப்பது என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இனி வேண்டாம். இன்று அவர் குளிக்கப் போனபோது நானே ஓட்டிப் பார்த்தேன். மோதி மோதி, ஒருவழியாகத் தாண்டினேன். வளைவுக்கு அப்பால் நீளமாக ஒரு பாலம், இரண்டு பக்கமும் நீலத் தண்ணீர். துண்டோடு பின்னால் வந்து நின்ற அப்பா, "பாலம் வரும்ல, மறந்தே போச்சு" என்றார். பிறகு என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பழையபடி வளைவுக்கே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவரை எப்படியாவது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் நீ கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, இரண்டு பேரும் அழுதுவிடுவீர்கள். சாப்பிட்டீங்களாப்பா என்று கேள். அந்த வளைவைத் தாண்டினால் என்ன வரும் என்று கேள். அவர் சொல்லட்டும்.

நன்றாக இரு, கண்ணே. ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துப் போ.

உன்
அம்மா